முதல் வகுப்புக்கு முந்நூற்றைம்பது கிராம்

சாலம்மாள் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். முட்டைக்காரன் கொண்டுவரும் முட்டையை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் எடுப்பாள். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் போதாது, தன் கையால் இன்னொரு தரம் தூக்கிப் பார்ப்பாள். தொப்பூர்க் கணவாயின் அடியில் இருபத்தாறு வருஷமாக மெஸ் நடத்துகிறவளுக்கு இந்தக் குணம் இல்லாமல் போயிருந்தால் என்றைக்கோ கடையை மூடியிருப்பாள். "சாப்பாடு பிரமாதங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவனைக்கூட அவள் சந்தேகமாகத்தான் பார்ப்பாள். பிரமாதம் என்றால் ஏன் மறுசோறு கேட்கவில்லை?

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகம் கிடையாது. நெடுஞ்சாலை மெஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸை நிறுத்தி ஜனங்களை இறக்கிவிடும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். ஜனங்களோடு உட்கார வைக்க மாட்டார்கள். உள்ளே தனி அறை, தனி மின்விசிறி, மீனில் நடுத்துண்டு. மற்ற மெஸ்காரர்களுக்கு இது வியாபாரம். சாலம்மாளுக்கோ இது கிட்டத்தட்ட சாமி காரியம். கணவாயில் லாரி கவிழ்ந்து கிடப்பதை வாரத்துக்கு ஒரு தரமாவது பார்க்கிறவள் அவள். பசித்த வயிற்றோடு ஒருத்தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இப்போது அவள் தலைக்கு மேலேயே மேம்பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. தை மாதம் திறந்துவிட்டால் பஸ்கள் எல்லாம் மேலே போய்விடும். மெஸ் கீழே இருக்கும். அவளை நம்பி கோகிலவாணியும் இன்னும் ஐந்து பெண்களும் அடுப்படியில் நின்றார்கள். வாசலில் பாலத்துக்குக் கொட்டிய ஜல்லிக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் சாலம்மாள் தினமும் கடையைத் திறந்தாள்.

அந்த நேரத்தில்தான் வெண்மேகம் ஏர்வேஸ் வந்தது. நல்லம்பள்ளிக்கு மேற்கே புதிதாக ஒரு ஓடுதளம் போட்டு, அங்கிருந்து சென்னைக்குத் தினம் ஒரு விமானம் விட்டார்கள். மொத்தம் பத்தொன்பது இருக்கை. முன்னால் இரண்டு இருக்கையை மட்டும் ஊதாத் திரை போட்டு மறைத்து, அதற்கு முதல் வகுப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு பேருக்குத் தினமும் இரண்டு சாப்பாடு. இதற்கு ஒப்பந்தம் கிடைத்துவிட்டால், பிற்பாடு அலுவலகச் சாப்பாடு, ஊழியர் கேன்டீன் எல்லாம் உங்களுக்குத்தான் என்று ஆசை காட்டினார்கள். சாலம்மாள் நம்பவில்லை. ஆனாலும் போனாள். வேறு வழி என்ன இருக்கிறது?

தேர்வுக் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள். அவள் களி உருண்டையும், ஒகேனக்கல் மீன் குழம்பும், கீரைக் கடைசலும் கொண்டுபோய் வைத்தாள். ஒருவர் அதைப் படம் எடுத்தார். ஒருவர் எடை போட்டார். ஒருவர் அளவுகோலை வைத்து உருண்டையின் உயரத்தை அளந்தார். ஒருவர் நான்கடி தள்ளி நின்று மோந்து பார்த்து, "வாசனை வருது" என்று குற்றம் போலச் சொன்னார். ஏழு பேரில் ஒருவராவது வாயில் வைப்பார் என்று சாலம்மாள் கடைசிவரை காத்திருந்தாள்.

"யாரும் சாப்புட்டுப் பாக்கலீங்களா?" என்று கேட்டாள்.

விருந்தினர் அனுபவ மேலாளர் மாதவராஜ் சிரித்தார். கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கவிட்ட மனிதர். "அம்மா, சாப்பாடு போடுறது மெஸ்ஸோட வேலை. நாங்க அனுபவம் கொடுக்கறோம். சாப்பாடுங்கறது அந்த அனுபவத்துல ஒரு பகுதி. ரொம்ப முக்கியமான பகுதின்னு நான் சொல்ல மாட்டேன்."

பிறகு ஒப்பந்தத்தோடு நூற்றுப் பதினான்கு பக்கக் கையேடு ஒன்றையும் அவள் கையில் வைத்தார். அதில் சாப்பாடு தொண்ணூற்றேழாம் பக்கத்தில்தான் வந்தது. களி உருண்டைக்கு 'மில்லட் ஸ்பியர்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு டப்பாவும் சரியாக முந்நூற்றைம்பது கிராம் இருக்க வேண்டும். மூடியபின் சிவப்பு சீல், அதன்மேல் பச்சை சீல், அதன்மேல் கையெழுத்து. சீல் வைத்ததை விமானத்தில் விருந்தினர் முன்னிலையில் மட்டுமே திறக்கலாம். அதுவரை கடவுளே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது என்ற அளவுக்கு எழுதியிருந்தது.

சாலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "டிரைவருக்கு எத்தன பார்சலுங்க?" என்றாள்.

"எந்த டிரைவர்?"

"பிளேன ஓட்டறவங்களுக்குங்க."

மாதவராஜ் கதவைச் சாத்தினார். "அம்மா, இத வெளியில கேட்டுடாதீங்க. விமானிக்கு இலவசமா ஏதாவது கொடுத்தா அது லஞ்சம். அவங்க உங்களுக்காக வண்டிய எங்கயாவது நிறுத்திட்டா?"

"வானத்துல எங்கீங்க நிறுத்தறது?"

"அதையெல்லாம் யோசிச்சுத்தான் விதி போட்டிருக்காங்க" என்றார் மாதவராஜ்.

ஓட்டுகிறவனுக்குச் சோறு போடாத கம்பெனி என்ன கம்பெனி என்று சாலம்மாளுக்கு அப்போதே உறுத்தியது. மறுநாள் காலை விமானக் கம்பெனியின் வேனை ஓட்டிக்கொண்டு ஜேக்கப் வந்தபோது, சீல் வைத்த இரண்டு டப்பாக்களோடு ஒரு தூக்குப் பாத்திரத்தையும் ஏற்றினாள். அதற்கு சீலும் இல்லை, எடையும் இல்லை.

"இது டிரைவருக்கு. கைல குடுத்துரு, யாருகிட்டயும் மூச்சு வுடாத" என்றாள்.

ஜேக்கப் மாலையில் காலித் தூக்கோடு வந்தார். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'மீன் ரொம்ப நல்லா இருந்தது. புளி கொஞ்சம் தூக்கல். கேப்டன் கனிமொழி.'

"பொம்பளையா ஓட்டறாங்க?"

"ஆமாங்க. பக்கத்துல இன்னொருத்தரு. ரெண்டு பேரும் ஒரே பதார்த்தம் சாப்புடக் கூடாதாமுங்க, ஒருத்தருக்கு வயிறு கெட்டா இன்னொருத்தரு ஓட்டோணும்ல. அதனால அவரு கீரை, அந்தம்மா மீனு."

அந்தச் சீட்டைச் சாலம்மாள் மூன்று தரம் படித்தாள். புளி தூக்கல்தான்; அவளுக்கே தெரியும். அந்தப் பெண் உண்மையில் சாப்பிட்டிருக்கிறாள் என்று மனசு குளிர்ந்தது.

முதல் வகுப்பிலிருந்தும் கருத்துச் சீட்டுகள் வந்தன. சனிக்கிழமைதோறும் உறையில் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினார்கள். 'மிக நன்று.' 'மிக மிக நன்று.' 'ஈடு இணையற்ற சுவை.' கோகிலவாணி அதையெல்லாம் அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். ஒரு மாதம் ஆனது. சுவர் நிறைந்தது. சாலம்மாளின் முகம் மட்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது.

"ஏ புள்ள, இதுல ஒருத்தனாச்சும் உப்புக் கம்மின்னு சொல்லியிருக்கானா?"

"இல்லீங்கக்கா."

"காரம் சாஸ்தின்னு?"

"இல்லீங்க."

"எங்கூடப் பொறந்தவன் இங்க வந்து ஓசில தின்னுட்டு, அது நொட்டை இது சொள்ளைன்னு சொல்லிட்டுப் போறான். இவனுங்க மட்டும் ஒரு மாசமா ஒத்த வார்த்த சொல்லலயா? நம்பறதுக்கில்ல."

அடுத்த நாள் எல்லாவற்றிலும் உப்பே போடாமல் அனுப்பினாள். சனிக்கிழமை சீட்டு வந்தது. 'உப்பும் உறைப்பும் கச்சிதம்.' எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ஐம்பது அறுபது சீட்டும் ஒரே பச்சை மையில், இடப்பக்கம் சாய்ந்த ஒரே கையெழுத்தில் இருந்தன.

ஜேக்கப்பைப் பிடித்து உட்கார வைத்து, டீ கொடுத்துக் கேட்டாள். அவர் முதலில் மழுப்பினார். இரண்டாவது டீயில் சொல்லிவிட்டார். விமானம் சென்னைக்குப் போக ஐம்பது நிமிஷம். ஏறுவதும் இறங்குவதும் போக நடுவில் பதினோரு நிமிஷம்தான் பரிமாற முடியும். ஆனால் கையேட்டின்படி முதலில் இடுக்கியில் பிடித்துச் சூடான துண்டு கொடுக்க வேண்டும். பிறகு வரவேற்புரை. பிறகு பன்னீர் தெளித்த மோர். பிறகு தோல் அட்டை போட்ட உணவுப் பட்டியலை விருந்தினர் படிக்க வேண்டும். அதில் இருப்பது ஒரே ஒரு பதார்த்தம், ஆனாலும் எது வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் விமானம் இறங்க ஆரம்பித்துவிடும். எல்லாரும் பெல்ட் போட்டாக வேண்டும்.

"அப்ப டப்பா?"

"சீல் பிரிக்காம சென்னையில எறக்கி, குழியில போட்டு, மேல பினாயில் ஊத்தி, ஒரு ஆபீசரு கையெழுத்துப் போடுவாருங்க."

சாலம்மாள் டீக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். "சோத்து மேல பினாயிலா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் கோகிலவாணி முதன்முதலாகப் பார்த்தாள்.

அன்று மாலையே சாலம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வாசலில் கிடந்த ஜல்லியில் ஒரு கூடை அள்ளிவந்து, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். அழுக்கோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. முந்நூற்றைம்பது கிராம் நிறுத்து, டப்பாவில் போட்டு மூடினாள். மறுநாள் முதல் வகுப்புக்கென்று சமைத்ததோடு இன்னும் கொஞ்சம் சோறும் மீனும் சேர்த்துப் பெரிய தூக்கில் அடைத்தாள். விமானம் ஓட்டுகிறவர்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள், ஓடுதளம் கூட்டும் பெண்கள் எல்லாருக்கும் ஜேக்கப் பிரித்துக் கொடுத்தார். வண்டியை ஓட வைக்கிறவர்கள் சாப்பிட்டார்கள்.

ஓடுதளத்தில் எடை இயந்திரம் டப்பாவை ஏற்றுக்கொண்டது, முந்நூற்றைம்பது. ஊடுகதிர்ப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர் திரையில் கற்களைப் பார்த்தார், தடை செய்த பொருட்களின் பட்டியலையும் பார்த்தார். அதில் கத்தி இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, ஊறுகாய் இருந்தது. ஜல்லி இல்லை. போகலாம் என்று கையை ஆட்டினார்.

சனிக்கிழமை சீட்டு வந்தது. 'மில்லட் ஸ்பியர் வாயில் வைத்ததும் கரைந்தது.'

இப்படி நாலு மாதம் போனது. சென்னையில் ஜல்லிக்கும் பினாயில் ஊற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். மார்கழி நடுவில் ஒரு புதன்கிழமை காலை, ஜேக்கப் டப்பாக்களை எடுத்துப் போன கால் மணிக்கெல்லாம் மாதவராஜ் பூங்கொத்தோடு காரில் வந்து இறங்கினார்.

"அம்மா, வாழ்த்துகள்! இந்த வருஷத்தோட சிறந்த வான்விருந்து விருது உங்களுக்குத்தான். நம்ம தலைவர் வெங்கடாசலம் சார் இன்னைக்கு நம்ம ஃப்ளைட்லயே வர்றார். முதல் வகுப்புல அவர் பக்கத்துல நீங்க. உங்க சாப்பாட்ட நீங்களே சாப்பிடறத போட்டோ எடுக்கறோம். அங்கயே மூணு வருஷ ஒப்பந்தத்துலயும் கையெழுத்து."

சாலம்மாள் பூங்கொத்தை வாங்காமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இன்னைக்கு வேண்டாமுங்க. நாளைக்கு நல்லா ஆக்கிட்டு வரேன். இல்லீன்னா அந்த டப்பாவ மட்டுமாச்சும் மாத்திக் குடுத்தர்றேன்."

"சீல் வெச்சத மாத்த முடியாதும்மா" என்றார் மாதவராஜ் பெருமையாக. "அதுதான் நம்ம தரம்."

அடுத்த அரை மணியில் அவள் ஊதாத் திரைக்குள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெங்கடாசலம்; வெள்ளைச் சட்டை, எதையும் முழுசாகப் பார்க்காத கண்கள். எதிரே மாதவராஜும் படக்காரரும் பணிப்பெண்ணும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சூடான துண்டு வந்தது. வரவேற்புரை வந்தது. மோர் வந்தது. உணவுப் பட்டியலை அவள் மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அட்டையைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பதினோரு நிமிஷத்தை எப்படியாவது கழித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தாள்.

ஆனால் போட்டோ முக்கியம் என்பதால், மேலேயே ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றும்படி தலைவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

வெண்மேகம் ஏர்வேஸின் வரலாற்றில் முதன்முறையாகச் சீல் பிரிக்கப்பட்டது. மூடி திறந்தது. கழுவிச் சுத்தமான கருஞ்ஜல்லி, தட்டில் பளபளத்தது.

படக்காரர் கேமராவை இறக்கினார். வெங்கடாசலம், "இது என்ன?" என்று கேட்டார்.

மாதவராஜ் அவசரமாகப் பட்டியலைப் புரட்டினார். "மில்லட் ஸ்பியர், சார்."

"கல்லு மாதிரி இருக்கே."

"கல்லுதானுங்க" என்றாள் சாலம்மாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? "நாலு மாசமா அதத்தான் அனுப்பறேன். நீங்கதான் நல்லாருக்குன்னு எழுதியனுப்பறீங்க."

மாதவராஜ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. "சீல் சரியா இருக்கு, சார். எடை சரியா இருக்கு. கையெழுத்து சரியா இருக்கு. நம்ம பக்கம் எந்தத் தப்பும் இல்ல, சார்."

வெங்கடாசலம் ஒரு ஜல்லியை எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"மாதவராஜ், கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நாலு மாசத்துல ஒரு கெஸ்ட்டுக்காவது வயித்து வலி வந்திருக்கா? இல்ல. இது கெட்டுப் போகாது, சிந்தாது, வாசனை அடிக்காது. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இந்தத் தரத்துக்கு ஏங்கறான். நாம இவ்வளவு நாள் எதுக்கு ரிஸ்க் எடுத்துச் சாப்பாடு ஏத்திக்கிட்டு இருந்தோம்? போட்டோவ மட்டும் தூரத்துல இருந்து எடு."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. விமானி அறைப் பக்கமிருந்து, புளியும் மிளகாயும் நல்லெண்ணெயும் சேர்ந்த மீன் குழம்பு வாசனை. வெங்கடாசலத்தின் மூக்கு விடைத்தது. பின்னாலிருந்த பயணிகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது என்ன?"

சாலம்மாள் சொன்னாள். சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. "டிரைவர் சாப்பாடுங்க."

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "சீல் இல்லாம? எடை போடாம? என் விமானத்துல சோறா?" கல்லைப் பார்த்தபோது வராத கோபம் இப்போது வந்தது. "இது பாதுகாப்பு விஷயம்! இன்னைக்கே நிறுத்தணும்."

மாதவராஜ் ஒப்பந்தத்தைப் பிரித்தார். விமானிக்கோ ஊழியருக்கோ உணவு தர மாட்டேன் என்று அதன் அடியில் பேனாவால் எழுதிச் சேர்த்தார். கூடவே ஒரு கருத்துச் சீட்டையும் நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, தலைவர் பெரிய மனசு பண்ணிட்டார். கல்லே போதும்னுட்டார். சீட்டுல 'மிக நன்று'ன்னு ஒரு டிக் அடிங்க, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க. உங்க மெஸ் பொழைச்சுக்கும். அந்த ஆறு பேரையும் நெனச்சுப் பாருங்க" என்றார்.

அவள் நினைத்துப் பார்த்தாள். கோகிலவாணியை நினைத்தாள். தலைக்கு மேலே போகப்போகும் பஸ்களை நினைத்தாள். மூன்று வருஷம் ஜல்லி கழுவி அனுப்பினால் போதும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வெறும் வயிற்றோடு எல்லாரையும் சுமந்துகொண்டு பறப்பாள், அவ்வளவுதான்.

பேனாவை வாங்கினாள். ஒப்பந்தத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கருத்துச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்.

'உப்பு இல்லை.'

மாதவராஜ் அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்லுக்குக் கையேட்டில் விதி இல்லை. ஆனால் குறை சொல்லும் சீட்டுக்கு அறுபது பக்கம் விதி இருந்தது. உப்புக் குறைவு குறித்து ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. எட்டு நாளில், விருந்தினர் ஒருவருக்கு மனக்குறை ஏற்படுத்திய குற்றத்துக்காக ஏற்கெனவே இருந்த ஒப்பந்தமும் ரத்து என்று கடிதம் வந்தது. அந்த விருந்தினரின் பெயர் சாலம்மாள் என்று அதில் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தார்கள்.

தை பிறந்தது. பாலம் திறந்தது. பஸ்கள் மேலே இரைந்துகொண்டு போயின. மூன்று நாள் மெஸ்ஸில் ஈ ஓட்டினார்கள். "வேற வேல பாத்துக்கங்க புள்ளைங்களா" என்று சொல்ல வாயெடுத்து, வாயெடுத்து, சாலம்மாள் சொல்லாமல் விட்டாள்.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு வெண்மேகம் வேன் வந்து நின்றது. ஜேக்கப் கதவைத் திறந்தார். வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கக் கோடுகளுமாக நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். பின்னாலேயே இன்னொரு விமானி.

"டிரைவர் ரூம் எங்கங்க?" என்று கேட்டாள் கேப்டன் கனிமொழி.

சாலம்மாள் சந்தேகமாகப் பார்த்தாள். "இப்ப பிளேன் எடுக்கற நேரமாச்சே?"

"வெறும் வயித்தோட ஓட்டக் கூடாதுன்னு விதி இருக்குங்க. யார் சோறு போடணும்னு விதி இல்ல. மூணு நாளா கமிட்டி போட்டுப் பேசறாங்க. நான் சாப்பிட்டுட்டு வரேன்னு சொல்லிட்டேன்."

அவர்கள் உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபோது இன்னொரு வேன் வந்தது. 'இயக்கக் காரணங்களால் தாமதம்' என்று ஓடுதளத்தில் அறிவித்துவிட்டார்களாம். டிரைவர் போன இடத்துக்கே ஜனங்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். பத்தொன்பது பேர், பெட்டியும் பையுமாக. சாலம்மாள் அவர்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தாள். இதில் கம்பெனி ஆள் எவனாவது இருக்கிறானா என்று கோகிலவாணியைவிட்டு விசாரித்தாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் இலை போடச் சொன்னாள்.

முதல் இலையில் உட்கார்ந்தவர் கோட்டுப் போட்டிருந்தார். முதல் வகுப்புக்காரர். களியைப் பிய்த்து, குழம்பில் தொட்டு, விழுங்கினார். பிறகு சுற்றும் முற்றும் எதையோ தேடினார்.

"என்ன வேணுமுங்க?"

"கருத்து எழுதற சீட்டு..."

"அதெல்லாம் இங்க இல்லீங்க. வாயாலயே சொல்லுங்க."

அவர் தயங்கினார். அப்புறம் சொன்னார்: "உப்புக் கொஞ்சம் கம்மிங்க."

சாலம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது. காலையில் அவளே பார்த்தாள். திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். அவர் இலையின் ஓரத்தில் தன் கையாலேயே ஒரு சிட்டிகை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் அடுத்த வாய் சாப்பிடுகிறாரா என்று பார்த்தபடியே பக்கத்தில் நின்றாள்.